ரப்பர் எலும்பு

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறை ஜன்னலில் இருந்த ரேடியோவிலிருந்து நாத்தனாரின் குரல் தேனாக வழிந்துகொண்டிருந்தது.

"...வீட்ல கோபம் வந்தா ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. அப்பவும் கோபம் போகலையா, இன்னொரு டம்ளர். ஆகமொத்தம் சிரிச்சுக்கிட்டே இருங்க. நான் இருக்கேன்!"

"நிறுத்திடவா?" என்றார் கணவர். கை ஏற்கெனவே திருகின் மேல் இருந்தது.

"வேண்டாம், ஓடட்டும். நான் கட்டின பல்லு எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். எந்த விஷயத்திலும் கையை எடுத்துக்கொள்வது அவருக்குப் பழக்கம்.

புதிதாக வாசலில் வந்து நிற்பவர்களுக்கு உள்ளே இருப்பவர்கள் யார் யார் என்று சொல்லிவிடுவதுதான் முறை. இவள் பல் டெக்னீஷியன். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்பும் பிளாஸ்டர் அச்சை வைத்துக்கொண்டு பொய்ப்பல் கட்டுவது வேலை. லேபில் எல்லோரும் பல்லக்கா என்பார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். கணவர் கார் ஓட்டக் கற்றுத்தரும் மாஸ்டர். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். வீட்டில் மட்டும் எந்தப் பக்கமும் திரும்ப மாட்டார். அவருடைய அக்காதான் ரேடியோவில் பேசுகிறவள். அந்தக் குரல் கேட்காமல் ஊரில் பாதிப் பேருக்குப் பொழுது விடியாது.

பல்லக்கா குடித்துக்கொண்டிருந்தவள். லேபில் முடியாத வேலையை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் மெழுகு உருக்கும் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தலையைச் சாய்த்துவிட்டாள். ஜன்னல் திரை பற்றிக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள்தான் வாளித் தண்ணீரைக் கொட்டி அணைத்தாள். அதில் பாதி அம்மாவின் தலையில். அந்த வாரமே மகள் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதுவரை நியாயம்தான். பல்லக்காவே ஒப்புக்கொள்வாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் அடிவயிற்றில் கனன்றுகொண்டிருக்கிறது.

நாத்தனார் அதை ரேடியோவில் சொன்னாள். 'என் தோழி ஒருத்தி' என்று ஆரம்பித்து, மெழுகு விளக்கு, திரை, வாளி எல்லாவற்றையும் சொன்னாள். தோழி யார் என்று கண்டுபிடிக்கத் தெருவுக்கு ஒரு வாய் டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அதோடு விட்டாளா? "பாவம், பாட்டிலை எங்கே ஒளிச்சு வெப்பா தெரியுமா? ஷாம்பு பாட்டில்ல! குளிக்கப் போறேன்னு கதவைச் சாத்திக்கிட்டா, வெளிய வர்றப்போ தலை மட்டும் நனைஞ்சிருக்காது" என்று சொல்லிச் சிரித்தாள்.

பல்லக்கா ஒருநாளும் ஷாம்பு பாட்டிலில் ஒளித்து வைத்ததில்லை. பிளாஸ்டர் மூட்டைக்குப் பின்னால் வைப்பாள். அது அப்படியொன்றும் பெருமையான இடம் இல்லை, ஆனால் உண்மை. பள்ளிக்கூடத்தில் மகளுக்கு 'ஷாம்பு' என்று பெயர் விழுந்தது. செய்ததற்கு ஊர் காறித் துப்பினால் துடைத்துக்கொள்ளலாம். செய்யாததற்குச் சிரித்தால் அதை எந்தத் துணியால் துடைப்பது?

அந்த ஆத்திரத்தில்தான் குடியை விட்டாள். கணவருக்காகவும் இல்லை, கடவுளுக்காகவும் இல்லை. அந்தச் சிரிப்பை ஒருநாள் பிடுங்க வேண்டும். பிடுங்கும்போது கை நடுங்கக் கூடாது.

குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டத்தைத் தேடி அவள் அலைந்த அலைச்சலைப் போன அத்தியாயங்களில் பார்த்தோம். போனில் சொன்ன முதல் விலாசத்தில் உடற்பயிற்சிக் கூடம் நடந்துகொண்டிருந்தது. இரண்டாவது இடத்தில் அத்தனை பேரும் ஆண்கள். அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டு, "உங்க வீட்டுக்காரர் யாரும்மா? உள்ளதான் இருக்காரா?" என்று ஆறுதலாகக் கேட்டார்கள். "உங்களை மாதிரி ஒரு ஆள்தான். நான்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். மூன்றாவதாகக் கிடைத்ததுதான் நாய் டாக்டரின் கிளினிக். அதன் பின்னறையில் ஞாயிறுதோறும் கூடுகிறார்கள். போன மழைக்காலத்திலிருந்து ஒரு வாரம் தவறவில்லை.

இன்று சாயங்காலம், மகள் வீட்டுக்குத் திரும்புவதா வேண்டாமா என்று பேசி முடிக்கப்போகிறார்கள். முடிவு நாத்தனார் கையில். கணவர்தான் கையை எடுத்துவிட்டாரே.

ரேடியோவில் பாட்டு ஆரம்பித்தபோது போன் அடித்தது. மகள்.

"ம்மா, ஒண்ணு சொல்றேன். கத்தாதே."

"கத்தலை. சொல்லு."

"அத்தை இன்னிக்கு உன் கூட்டத்துக்கு வர்றாங்க. இன்னிக்கு வெளியாள் யாரும் வரலாம்னு நீதானே அப்பாகிட்ட சொன்னே? நீ நிஜமாவே அங்கே போறியா, இல்ல கதை விடறியான்னு பார்க்கணுமாம்."

"வேவு பார்க்க வர்றாங்க."

"ம்."

"யார் யோசனை? அவங்களோடதா?"

"ஆமா... அத்தைதான்."

"நீ என்ன நினைக்கிறே? போறேனா, கதை விடறேனா?"

"கூட்டம் முடியறப்போ நான் அப்பா கார்ல வாசல்ல இருப்பேன்மா" என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்துவிட்டாள். அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

பல்லக்கா கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். மூளை ஓடியது. நாத்தனார் நாத்தனாராக வர மாட்டாள். தலையில் துணி சுற்றி, முகமூடி போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் வருவாள். முகத்தை மூடிவிடலாம். குரலை மூட முடியாது. வாயைத் திறந்தால் போதும்; அந்த அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அவள் வாயைத் திறக்க வைப்பதற்கு ஒரு வழி இருக்கிறது.

கிரேன் அக்காவுக்குப் போன் போட்டாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். கூட்டத்தில் இவளுக்குத் துணை. எப்போது தொண்டை வறண்டாலும் இவள் அவளைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு.

"அக்கா, இன்னிக்குக் கூட்டத்தை நான் நடத்தட்டுமா?"

"என்னடி திடீர்னு?"

"ஆசையா இருக்கு."

"உன் குரல்ல ஆசை தெரியலியே. யாரையோ கடிச்சு மெல்லற சத்தம்தான் கேக்குது."

"நடத்தலாமா, கூடாதா?"

"நடத்து. ஆனா கொக்கியில மாட்டின சுமையை ஆள் தலைக்கு மேல கொண்டு போகாதே. எங்க வேலைல அதான் முதல் பாடம்."

"சரிக்கா" என்றாள் பல்லக்கா. அவள் மனதில் சுமை ஏற்கெனவே கொக்கியில் ஏறிவிட்டது.

* * *

கிளினிக்கின் பின்னறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மருந்து நெடி. மூலையில் நாய்களை நிறுத்தி எடை பார்க்கும் தராசு. சுவரில் நாயின் பல்வரிசைப் படம். பல்லக்காவுக்கு அந்தப் படம் பிடிக்கும். "கோரைப்பல்லு எவ்வளவு சுத்தமா வரைஞ்சிருக்கான் பாருங்க" என்று வந்த முதல் நாளே சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

இந்தக் கூட்டத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. நாய் டாக்டர் கொடுத்த ரப்பர் எலும்பு ஒன்று கைமாறிக்கொண்டே போகும். எலும்பு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது, பதில் சொல்லக் கூடாது, சமாதானமும் சொல்லக் கூடாது. முடித்தவர் எழுந்து போய் வேறொருவர் கையில் கொடுப்பார். பேச விருப்பமில்லாதவர் 'கேட்டுக்கிட்டிருக்கேன்' என்று வாயால் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். புதிதாக வந்தவர் மடியில் மட்டும் அவராகக் கை தூக்காமல் எலும்பைப் போட மாட்டார்கள். அது சட்டம் இல்லை, மரியாதை.

சட்டமாக இல்லாததை மீறினால் யார் கேட்கப்போகிறார்கள்?

எல்லோரும் உட்கார்ந்து, டீ கொதிக்கத் தொடங்கியபோது அவள் வந்தாள். தலையைச் சுற்றிச் சாம்பல் நிறத் துணி, முகமூடி, கறுப்புக் கண்ணாடி. கையை ஆட்டி வணக்கம் சொல்லிவிட்டு, தராசுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

'மாப்பிள்ளை' ஓடிப்போய் டீ கொடுத்தார். தலை நரைத்த பழைய பஸ் கண்டக்டர் அவர். தன் கல்யாணத்தன்று போதையில் வேறு மண்டபத்தில் போய் உட்கார்ந்துகொண்டதால் அந்தப் பெயர். "ஜலதோஷமாம்மா? சூடா குடிங்க. இங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதான்" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். டீயைக் குடிக்கவில்லை. முகமூடியை இறக்க வேண்டுமே.

பல்லக்கா எழுந்து நின்று, கூட்டம் தொடங்கும்போது சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"இங்க யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் எல்லாம் இந்த ரூமோட சரி. வாசல் தாண்டி ஒரு வார்த்தை போகக் கூடாது. நான் குடிநோயாளி. இன்னிக்கு நான்தான் முதல்ல பேசறேன்."

எலும்பைக் கையில் எடுத்தாள். நாத்தனாரைப் பார்க்கவில்லை. நாயின் பல்வரிசையைப் பார்த்தபடி பேசினாள்.

"நான் வீட்டைக் கொளுத்தப் பார்த்தவ. அது உங்களுக்கெல்லாம் தெரியும். இன்னிக்கு அதைப் பேசலை. இன்னிக்கு ஒரு சிரிப்பைப் பத்திப் பேசப்போறேன்.

"எங்க வீட்ல ஒருத்தங்க மாடிப்படில விழுந்து முன்பல்லு ரெண்டும் போச்சு. வாயில துண்டை வெச்சுக்கிட்டு என் லேபுக்கு வந்தாங்க. 'மறுபடி பேசணும், என் பொழைப்பே பேச்சுதான், காத்து விசில் அடிக்கக் கூடாது'ன்னு அழுதாங்க. மத்த வேலையெல்லாம் தள்ளி வெச்சுட்டு, அவங்க பழைய போட்டோவைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினேன். எப்படி விழுந்தீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? கேக்கலை. படி ஈரமா இருந்துச்சுன்னாங்க. சரின்னேன்.

"அந்தப் பல்லை வெச்சுக்கிட்டுத்தான் என் மானத்தைக் கடிச்சுத் துப்பினாங்க. என் வீட்ல நடந்ததை ஊருக்கே சொன்னாங்க. நடந்ததைச் சொல்லியிருந்தா போகட்டும். நான் கனவுலகூடச் செய்யாததையும் சேர்த்துச் சொன்னாங்க. என் பொண்ணை இப்ப பள்ளிக்கூடத்துல அந்தப் பேரை வெச்சுத்தான் கூப்பிடறாங்க.

"உங்களுக்கெல்லாம் குடிச்சா நிம்மதின்னு தோணும். எனக்கு அது போயிடுச்சு. அவங்க வாயடைச்சுப் போய் நிக்கறதை ஒரு தடவை பார்த்தா போதும்னு தோணுது. அதை நினைச்சுக்கிட்டுத்தான் தினமும் பாட்டிலைத் தொடாம இருக்கேன். இது நல்ல காரணம் இல்லைன்னு கிரேன் அக்கா சொல்லுவாங்க. எனக்கு வேற காரணம் கிடைக்கலை."

கூண்டில் விட்டிருந்த ஒரு நாய் பக்கத்து அறையில் குரைத்துவிட்டு அடங்கியது. வழக்கப்படி யாரும் பதில் சொல்லக் கூடாது. நாத்தனாரும்கூட. தன் வீட்டுப் பெண் தன் முகத்துக்கு நேரே சொன்ன அத்தனையையும், 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தினமும் காலையில் ஊர் அவள் பேச்சைக் கேட்டது அப்படித்தானே!

பல்லக்காவுக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. ஆனால் போதவில்லை.

எலும்போடு எழுந்து நடந்தாள். வட்டத்தின் குறுக்கே, நேராகத் தராசுப் பக்கம்.

"ஏய், பல்லு..." என்று கிரேன் அக்கா பாதி எழுந்தாள்.

பல்லக்கா நிற்கவில்லை. எலும்பை நாத்தனாரின் மடியில் வைத்தாள்.

"புதுசா வந்திருக்கீங்க. பேச வேண்டாம்னா பரவாயில்லை. 'கேட்டுக்கிட்டிருக்கேன்'னு சொன்னா போதும். ஒரே ஒரு வார்த்தை. ஆனா வாயால சொல்லணும்."

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் தெரியவில்லை. நாத்தனார் எலும்பை எடுத்தாள். எடுத்த கை நடுங்கியது.

பயத்தில் நடுங்குவது வேறு. அது வந்து போகும். இது வேறு நடுக்கம். விரல் நுனியில் ஆரம்பித்து, அடக்க அடக்கக் கூடும். பல்லக்காவுக்குச் சொந்த வீட்டுச் சாமான்போல அது பழக்கம். மெழுகுக் கத்தியைப் பிடிக்க முடியாமல் எத்தனை நாள் மணிக்கட்டைக் கால்முட்டிகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டிருக்கிறாள்!

அவள் திரும்பித் தன் நாற்காலிக்கு வரும் முன்பே முகமூடி இறங்கிவிட்டது.

"வணக்கம்" என்றாள் நாத்தனார்.

மாப்பிள்ளையின் டம்ளர் வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றது. "அடியம்மா, இது நம்ம காலை..." என்று ஆரம்பித்தவர், கிரேன் அக்கா பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பல்லக்கா காத்திருந்த நொடி இதுதான். கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"வேவு பார்க்கத்தான் வந்தேன்" என்றது அந்தக் குரல். ரேடியோவில் இருக்கும் மெருகு அதில் இல்லை. "இவ இங்க இருக்க மாட்டான்னு நினைச்சேன். இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே வந்தேன். இருந்துட்டா நான் என்ன பண்றது?"

எலும்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"படி ஈரமா இல்லை. காய்ஞ்சுதான் இருந்துச்சு. நான்தான் ஈரமா இருந்தேன்."

யாரோ மூலையில் மெல்லச் சிரித்துவிட்டு நிறுத்தினார்கள். அவளுக்கும் உதடு ஒரு பக்கம் இழுத்தது. சிரிப்பில்லை.

"ரேடியோல அன்னிக்குச் சொன்ன கதைல அந்த மெழுகு விளக்கு இவளோடது. திரையும் இவளோடது. ஷாம்பு பாட்டில்..." எலும்பை இறுக்கிப் பிடித்தாள். "அது என்னோடது. எப்படி வாயில வந்துச்சுன்னு தெரியலை. மைக் முன்னாடி உட்கார்ந்தா பேச்சு தானா வரும். வந்துடுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நல்லவேளை, இவளைப் பார்த்துச் சிரிக்கறாங்கன்னு நானும் கூடச் சேர்ந்து சிரிச்சுட்டேன்."

அவள் எழுந்து வந்து, எலும்பைப் பல்லக்காவின் கையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

வழக்கப்படி, கூட்டம் நடத்துகிறவள் 'நன்றி, தொடர்ந்து வாங்க' என்று சொல்ல வேண்டும். அத்தனை பேரும் பல்லக்காவின் வாயைப் பார்த்தார்கள்.

இரக்கம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. ஆத்திரம் இரட்டிப்பாகித்தான் வந்தது. தன் பாட்டிலை என் தலையில் கவிழ்த்துவிட்டு, என் பெண்ணையும் என்னிடமிருந்து கூட்டிக்கொண்டு போனாளே! ஒரே ஒரு வாக்கியம் போதும். சாயங்காலம் எல்லோர் முன்னாலும் வைத்துச் சொன்னால், இந்தக் குரல் நாளையிலிருந்து எந்த வீட்டு ஜன்னலிலும் கேட்காது. அந்த வாக்கியம் கைக்கு வந்துவிட்டது. வந்த இடம்தான் வாசல் தாண்டி ஒரு வார்த்தை போகக் கூடாத இடம். அந்த விதியை எழுந்து நின்று சொன்னவளும் பல்லக்காவேதான்.

"நன்றி" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "தொடர்ந்து... வாங்க."

* * *

கூட்டம் கலைந்ததும் கிரேன் அக்கா அவளைக் கதவுப் பக்கம் நிறுத்தினாள்.

"ஆள் தலைக்கு மேல சுமையைக் கொண்டு போகாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"கீழ விழுந்துச்சா?"

"என் கால்லதான் விழுந்துச்சு."

"வலிக்கட்டும்" என்றாள் அக்கா. "ராத்திரிக்குள்ள எனக்குப் போன் பண்ணு."

வாசலில் நாய்களைக் கழுவும் குழாயடியில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். முகமூடி மறுபடி ஏறியிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா."

"சொல்ல மாட்டேன். உங்களுக்காக இல்லை அண்ணி. எனக்கு அந்த ரூம் வேணும். நான் வாயைத் திறந்தா அந்தக் கதவு எனக்கும் சேர்த்துத்தான் சாத்திக்கும்."

"பொண்ணை இன்னிக்கே உன்கூட அனுப்பிடறேன். நானே தம்பிகிட்ட சொல்றேன்."

"பேரம் பேசாதீங்க. என் பொண்ணு என் வீட்டுக்கு வர்றது உங்க தயவுல இல்லை. இன்னொண்ணும் கேட்டுக்குங்க. நான் உங்களை மன்னிக்கலை. கூட்டம் முடிஞ்சதும் அந்த ரூம்ல இருக்கறவங்க உங்களைக் கட்டிப் பிடிச்சு ஆறுதல் சொன்னாங்க. நான் சொல்லலை, கவனிச்சீங்கல்ல?"

"கவனிச்சேன்" என்றாள் நாத்தனார்.

கார் வந்து நின்றது. இரண்டு பேருக்கும் பிரேக் உள்ள, கற்றுக்கொடுக்கிற கார். மாஸ்டர் அவசரமாக இறங்கினார்.

"என்னக்கா? போனாளா? பார்த்தியா?"

"போனா. நடத்தறதே அவதான்" என்றாள் நாத்தனார்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மலர்ந்ததை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கார் கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "அப்புறமென்ன! பேசறதுக்கே ஒண்ணுமில்லையே. பொண்ணோட பெட்டியை டிக்கிலயே எடுத்து வெச்சுட்டேன். நேரா நம்ம வீட்டுக்குப் போயிடலாம்."

பல்லக்கா மகளைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். எத்தனை இரவு இதை நினைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறாள்!

"இல்லப்பா" என்றாள் மகள். காரைவிட்டு இறங்கினாள். "ம்மா, இப்படி வா."

கிளினிக் சுவரோரம் போனார்கள்.

"அத்தை உள்ள பேசினாங்களா?"

"உள்ள நடந்ததைச் சொல்லக் கூடாது."

"சொல்லாதே. எனக்குத் தெரியும்." மகள் குரலைத் தாழ்த்தினாள். "அத்தையோட ஷாம்பு பாட்டிலைத் தினமும் காலைல நான்தான் திறந்து மோந்து பார்க்கறேன். அன்னிக்கு எப்படி இருப்பாங்கன்னு தெரிஞ்சுக்கறதுக்கு."

பல்லக்கா திரும்பிக் கார்ப்பக்கம் பார்த்தாள்.

"ஸ்கூல்ல என்னை ஷாம்புன்னாங்கல்ல? நீ அப்படி ஒளிச்சு வெச்சதே இல்லைன்னு சத்தியம் பண்ணினே. நான் நம்பலை. அத்தை வீட்டு பாத்ரூம்ல மோந்து பார்த்தப்பதான் நீ சொன்னது நிஜம்னு தெரிஞ்சுது."

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி!"

"சொல்லியிருந்தா நீ மைக் இல்லாமலே ஊரைக் கூட்டியிருப்பே. அவங்களும் இன்னும் கெட்டியா பூட்டிக்கிட்டிருப்பாங்க." மகள் காலால் ஒரு கல்லைத் தள்ளினாள். "இன்னிக்கு வரச் சொன்னது அத்தை யோசனை இல்லம்மா. என்னோடது. 'அம்மா பொய் சொல்றாங்களோன்னு பயமா இருக்கு, நீங்களே போய்ப் பார்த்துட்டு வாங்க அத்தை'ன்னு அழுதேன். வேற எப்படி அவங்களை அந்தப் படி ஏத்தறது?"

வலைக்குள் நாத்தனாரை இழுத்தது தான்தான் என்று பல்லக்கா நினைத்திருந்தாள். இழுத்த கயிறு இந்தச் சின்னக் கைகளில் அல்லவா இருந்திருக்கிறது!

"சரி, வந்துட்டாங்க. இனிமே அவங்க பாடு. நீ நம்ம வீட்டுக்கு வா."

"நான் வந்துட்டா அவங்களை யார் மோந்து பார்க்கறது?"

வாளியைத் தூக்கிய கைகள். ஒரு வீட்டில் தீயை அணைத்துவிட்டு, இன்னொரு வீட்டில் போய்க் காவல் உட்கார்ந்திருக்கின்றன. யாரிடம் பழி தீர்ப்பது என்று இந்தப் பெண்ணைக் கேட்டால், முதல் பெயராக அம்மாவைச் சொல்வாளோ, அத்தையைச் சொல்வாளோ?

அந்தக் கேள்வியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நிற்கப் பல்லக்காவால் முடியவில்லை. விறுவிறுவென்று காருக்கு நடந்தாள்.

"என்னங்க, வீட்டுக்குப் போய் என் துணிமணி ரெண்டு எடுத்துக்கிட்டு, வண்டியை அண்ணி வீட்டுக்கு விடுங்க."

"அக்கா வீட்டுக்கா? எதுக்கு?"

"என் பொண்ணு எந்த வீட்ல இருக்காளோ அந்த வீட்லதான் நானும் இருக்கப்போறேன்."

பின்சீட்டில் ஏறியிருந்த நாத்தனார் கண்ணாடியைக் கழற்றினாள். "எத்தனை நாளைக்கு?"

"என் கதையை ரேடியோல சொன்னீங்களே, எத்தனை நாளைக்கு ஊர் சிரிக்கும்னு என்னைக் கேட்டுட்டா சொன்னீங்க?" பல்லக்கா பின்கதவைத் திறந்து அவள் பக்கத்திலேயே நெருக்கி உட்கார்ந்தாள். "தினமும் உங்க பாத்ரூம்லதான் தலைக்குக் குளிக்கப்போறேன் அண்ணி. ஷாம்பு கொண்டுவர மாட்டேன்."

"ஷாம்பு இல்லைன்னா என்ன, வழியில ஒண்ணு வாங்கிக்கலாமே" என்றார் மாஸ்டர், நல்ல மனிதர்.

முன்னால் ஏறி உட்கார்ந்த மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் மாஸ்டர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

"அதெல்லாம் சரிக்கா. வீட்ல இடம் வேணுமே. மாடி ரூமைத் திறந்து விட்டுடு. எப்பவும் பூட்டியே வெச்சிருக்கே, அப்படி என்னதான் இருக்கு அதுல?"

நாத்தனாரின் கை தானாகப் போய்க் கைப்பையை இறுக்கியது.

அதைப் பல்லக்கா பார்த்தாள். மகளும் பார்த்தாள். மகளின் முகத்தில் சட்டென்று ஒரு திகைப்பு. பாத்ரூம் தட்டை நாள்தோறும் காவல் காத்தவளுக்கு அந்த மாடிக் கதவு நினைவிலேயே வராமல் போயிருக்கிறது.

அப்போதுதான் பல்லக்கா கவனித்தாள்: அறையில் வைத்துவிட்டு வர வேண்டிய ரப்பர் எலும்பு இன்னும் தன் வலது கையிலேயே இருந்தது. அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். காலியான கையை நாத்தனார் முன் நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க அண்ணி."